‘வயசாயிடுச்சுல்ல, மறதி சகஜம்தானே!’ – பெரம்பலூரும் அரியலூரும் கவனிக்க வேண்டிய ஒரு மூளை விஞ்ஞானியின் பாடம்

ஊரில் இருக்கும் அம்மா, போனில் ஒரே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்கிறார். வாராவாரம் சந்தைக்குப் போய்வந்த தாத்தாவுக்குத் திடீரென வழி மறந்துபோகிறது. “வயசாயிடுச்சுல்ல, மறதி சகஜம்தானே” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பெற்றோரைப் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் விட்டுவிட்டு சென்னையிலும் பெங்களூருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய பேச்சு.

ஆனால், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு மறதி வந்தால் அது முதுமை அல்ல, நோய். அந்த நோய் எங்கே, எப்போது தொடங்குகிறது என்று தேடியே நாற்பது ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார் சென்னையில் பிறந்த ஒரு பெண் விஞ்ஞானி. ஆய்வகத்தில் தொடங்கிய அவரது தேடல் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கிராமத்துத் தாலுகா. நமக்கான பாடமும் அதில்தான் இருக்கிறது.

யார் இந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத்?

1953-ல் சென்னையில் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பு, மைசூர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மேல் ஆய்வு. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸில் சேர்ந்தார். மருந்துகளைக் கல்லீரல் எப்படிச் சிதைக்கிறது என்பது தெரிந்த விஷயம். மூளையும் தனக்குள்ளேயே அந்த வேலையைச் செய்கிறதா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1996-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, 2010-ல் பத்மஸ்ரீ. ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநர். 2009-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து நரம்பியல் துறையைத் தொடங்கிவைத்தார்.

கேசரிப் பருப்பு சொன்ன சேதி

மத்திய இந்தியாவில் பஞ்ச காலங்களில் ஏழைகள் கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். அவர்களில் பலருக்குக் கால்கள் விறைத்து, நடை போனது. அந்தப் பருப்பில் உள்ள ஒரு நச்சு அமினோ அமிலம் நரம்பு செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. செல்லின் ‘பவர் ஹவுஸ்’ அதுதான். விஜயலட்சுமியின் குழு இதை எலிகளில் ஆராய்ந்தபோது, குளுட்டாரெடாக்சின் என்ற நொதி அந்தச் சேதத்தைச் சரிசெய்வது தெரியவந்தது. பெண் எலிகளில் இந்த நொதி கூடுதலாக இருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பும் குறைவாக இருந்தது.

அல்சைமர் விஷயத்திலும் அவர் ‘ஆரம்பம் எது’ என்றே தேடினார். 2018-ல் வெளியான ஆய்வில், எலிகளுக்கு மறதி தெரிவதற்கு வெகு முன்பே, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகள் உள்ளுக்குள் சிதையத் தொடங்கிவிடுவதைக் காட்டினார்கள். மனிதர்களிலும் அல்சைமருக்கான மாற்றங்கள், அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. 65 வயதில் வீட்டு வழி மறப்பவரின் மூளையில் பிரச்சினை 45, 50 வயதிலேயே ஆரம்பித்திருக்கலாம்.

அப்போ, அமுக்கரா சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

இந்தக் கேள்வி வரக் காரணமும் அவர்தான். அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா வேரின் சாற்றை அல்சைமர் எலிகளுக்கு ஒரு மாதம் கொடுத்தபோது அவற்றின் நினைவுத்திறன் மீண்டது என்று 2012-ல் அவரது குழு எழுதியது. அந்தச் சாறு நேரடியாக மூளையில் வேலை செய்யவில்லை. கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூட்டி, மூளையில் சேரும் அமிலாய்டு கழிவை ரத்தத்தின் வழியே இழுத்து வெளியேற்றியது.

ஆனால் இது எலியில் நடந்தது. கடைச் சூரணத்தை வாங்கிக் கொடுத்தால் பாட்டிக்கு நினைவு திரும்பும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் மருந்துகூட நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் விலை அதிகம். அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே, முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் தடுப்பதும்தான் இப்போதைக்கு நம் கையில் இருக்கும் மருந்து.

ஆய்வகத்திலிருந்து கோலார் கிராமங்களுக்கு

இந்தப் புரிதலோடு அவர் அடுத்து எடுத்த முடிவுதான் முக்கியமானது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையத்தை உருவாக்கினார். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை 225 கோடி ரூபாய் தர முன்வந்தது. அந்த மையம் 2018-ல் கோலார் மாவட்டத்தின் ஸ்ரீநிவாசபுரா தாலுகாவுக்குள் போனது. 45 வயதைத் தாண்டிய சுமார் 10,000 கிராமத்தினரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது திட்டம். நினைவுத்திறன், ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, மரபணு என எல்லாமே பதிவாகிறது. யாருக்கு நோய் வருகிறது என்பதோடு, யாருக்கு வரவில்லை, ஏன் என்பதும் தெரியவரும்.

ஏன் கிராமம்?

60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான லாசி-டாட் ஆய்வு மதிப்பிடுகிறது. நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4. ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9. ‘டென்ஷன் எல்லாம் சிட்டிக்காரனுக்குத்தான், கிராமத்தில் மூளை நன்றாக இருக்கும்’ என்ற நம் நம்பிக்கைக்கு நேர் எதிரான கணக்கு இது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் படிப்பு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வை வைத்து சுதா சேஷாத்ரியும் சக ஆய்வாளர்களும் 2016-ல் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள்: அங்கே பத்தாண்டுக்குச் சுமார் 20 சதவீதம் என்ற வேகத்தில் டிமென்ஷியா குறைந்துவந்திருக்கிறது. ஆனால், பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டும்தான் அந்தக் குறைவு தெரிந்தது. இளமையில் படிப்பதும் புதிதாகக் கற்பதும் மூளைக்கு ஒரு சேமிப்பு மாதிரி.

பெரம்பலூர், அரியலூருக்கு இதில் என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பெரம்பலூரில் சுமார் 74, அரியலூரில் சுமார் 71. மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டுத் தாங்கள் படிக்காமலேயே போன பெண்கள்தான் இன்று 60, 70 வயதில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் இன்ஜினீயர் ஆன பிள்ளைகள் வெளியூரில். மறதியை முதலில் கவனிக்கவே வீட்டில் ஆள் இல்லை.

2024-ல் லான்செட் ஆணையம் ஒரு பட்டியல் கொடுத்தது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, மது, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, படிப்பின்மை உட்பட 14 காரணிகளைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. இதில் பெரும்பாலானவற்றைக் கவனிக்க நரம்பியல் நிபுணர் தேவையில்லை. பிபி மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, காது கருவி, கண்புரை அறுவை சிகிச்சை – ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிந்த வேலைகள்தான்.

அரசு செய்யக்கூடியது

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார். அவர் கையில் நினைவுத்திறன் பற்றிய சில கேள்விகளையும் கொடுக்கலாம். இந்த இரண்டு மாவட்டங்களில் அதைத் தொடங்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் பரிசோதனையைப் பள்ளிக்கே போகாத பாட்டியிடம் நீட்டினால், நோய் இல்லாதவரும் ‘ஃபெயில்’தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான கேள்விகளை ஹரியானாவின் பல்லப்கரிலும் நம் வேலூரிலும் ஆய்வாளர்கள் ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த வழியில்தான் போக வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு அனுப்ப ஓர் இடமும் வேண்டும். கோலார் உள்ளிட்ட இடங்களில் கர்நாடகா 2022 முதல் மூளை நல கிளினிக்குகளை முயன்றுபார்த்தது. அரியலூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையும் வாரம் ஒரு நாளாவது இதற்கென ஒதுக்கினால், திருச்சிக்கு பஸ் ஏறும் அலைச்சல் மிச்சம்.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா, அப்பாவின் பிபி, சுகர் அளவைக் கேளுங்கள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறதா? காதைச் சோதியுங்கள். மறதி ஆறு மாதத்தில் அதிகமாகியிருந்தால், பணக் கணக்கில் குழப்பம், பழகிய சமையலில் தடுமாற்றம் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதியைச் சரிசெய்யவும் முடியும். ‘எத்தனை வாட்டி சொல்றது’ என்று கத்தாதீர்கள். வேண்டுமென்று யாரும் மறப்பதில்லை.

அப்படியே உங்கள் பிபியையும் பார்த்துவிடுங்கள். விஜயலட்சுமியின் குழு 45 வயதிலிருந்தே ஆட்களைச் சேர்த்தது சும்மா இல்லை.