காலடியில் ஒரு கர்ர்ர்

காரவள்ளியில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினால், கொல்லிமலை உச்சிக்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் என் க்ரூஸர் பைக்கில் ஏறினோம். முதல் பத்துப் பதினைந்து வளைவுகள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போயின. அப்புறம் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பதினேழோ பதினெட்டோ, ஓர் இடப்பக்க வளைவில் வண்டியைக் கொஞ்சம் அழுத்திச் சாய்த்தேன். காலடியில் ‘கர்ர்ர்’ என்று, தகரத்தைத் தார் ரோட்டில் இழுக்கிற மாதிரி சத்தம். இடது ஃபுட்ரெஸ்ட் என் செருப்போடு சேர்ந்து மேலே மடங்கியது.

பயத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுவிட்டேன். செய்யவே கூடாத காரியம். வண்டி தள்ளாடி நிமிர்ந்து, வளைவை விட்டு வலப்பக்கம் ஒதுங்கியது. எதிரே அரசுப் பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் மலைக்காரர் போல, முன்கூட்டியே நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணாடி வழியாக ஒரு பார்வை, அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

“என்னங்க, ஏதாச்சும் கழண்டு உழுந்துருச்சா?” என்றாள் மனைவி.

எதுவும் கழலவில்லை. வண்டி அதன் எல்லையைத் தொட்டது. அந்த எல்லையைக் காசு கொடுத்து வாங்கியவன் நான்தான்.

என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இடது முழங்கால் அதை எனக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. ஹிமாலயன் 450 பைக்கின் இருக்கை தரையிலிருந்து 825 மில்லிமீட்டர். அதில் உட்கார்ந்து சிக்னலில் நின்றால் நான் பரதநாட்டியம்தான் ஆட வேண்டும், கட்டை விரல் மட்டும் தரையில் படும். க்ரூஸர்களில் அது தாழ்வு: மீட்டியார் 350-இல் 765, சூப்பர் மீட்டியார் 650-இல் 740. இப்படிப்பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் முழுசாக ஊன்றியபோது கிடைத்த நிம்மதியை என் போன்ற உயரக்காரர்கள்தான் அறிவார்கள். அந்த நிமிடமே மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நான் யோசிக்காதது ஒன்று. இருக்கை இறங்கினால் கால் வைக்கிற இடமும் இறங்கியாக வேண்டும், முன்னுக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் மோவாயைத் தொடும். அப்படித் தாழ்ந்து, இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும் ஃபுட்ரெஸ்ட்தான் வண்டி சாயும்போது முதலில் ரோட்டைத் தொடுகிறது. சிக்னலில் கிடைத்த சொகுசுக்கு வளைவில் வட்டி கட்டுகிறோம்.

விவரத்தாளில் ‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். மீட்டியார் 350-க்கு 170 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியாருக்கு 135. வண்டி நேராக நிற்கும்போது வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அது. வேகத்தடைக்கு உதவும் கணக்கு. வளைவில் தேவைப்படுவது, எத்தனை டிகிரி சாயலாம் என்ற கணக்கு. நம் ஊர் விவரத்தாள்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. ஹார்லி டேவிட்சன்காரர்கள் மறைக்காமல் அச்சடிக்கிறார்கள். அவர்களுடைய ஃபேட் பாய் 25.6 டிகிரிதான் சாயும். பந்தயத்தில் ஓடும் மோட்டோஜிபி வண்டிகள் 60 டிகிரிக்கு மேல் சாய்கின்றன.

25 டிகிரி என்றால் எவ்வளவு? 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 25 டிகிரி சாய வேண்டும். 35-இல் போனால் 33 டிகிரி. 40-இல் போனால் 40 டிகிரி. வேகத்தின் இருமடியில் இந்தக் கணக்கு ஏறுவதால் ஐந்து கிலோமீட்டர் கூட ரொம்பப் பெரிய வித்தியாசம். இது மெல்லிய டயருக்கான கணக்கு. டயர் அகலமாக ஆக இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும். ஃபேட் பாயின் பின் டயர் 240 மில்லிமீட்டர் அகலம். பார்க்க யானைக்கால் மாதிரி கம்பீரம், சாய்வதற்கு அதுவே இடைஞ்சல்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவர். கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “அக்காவ ஏத்திட்டுப் போனீங்களாண்ணா? ஷாக்க மொத கட்டுலயே வெச்சிருக்கீங்க.”

பின் ஷாக் அப்சார்பரில் படிப்படியாகத் திருகும் வளையம் ஒன்று உண்டு. என் வண்டியில் ஐந்து படி. வாங்கியபோது முதல் படியில் இருந்தது, நான் தொட்டதே இல்லை. பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்குகிறது, வண்டியின் பின்பாகம் இறங்குகிறது, ஏற்கெனவே குறைவாக இருந்த சாய்வு இன்னும் குறைகிறது. அவர் வளையத்தை நான்காம் படிக்குத் திருகினார். அதற்குக் காசு வாங்கவில்லை. “பாதி வளைவுல ஆக்சிலேட்டர விட்டீங்கன்னா வண்டி இன்னும் கீழதாண்ணா உக்காரும். உள்ள நுழையறதுக்கு முன்னாலயே வேகத்தக் கொறைங்க, அப்பறம் சீராப் புடிச்சுக்கிட்டுப் போங்க. ஒடம்ப மட்டும் உள்பக்கம் கொஞ்சம் சாய்ச்சுக்கங்க.” உடம்பை உள்ளே சாய்த்தால் அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். காசு செலவில்லாத வைத்தியம்.

க்ரூஸர் வைத்திருப்பவனுக்கு வளைவு மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளம் வரும்போது பிருஷ்டத்தை லேசாகத் தூக்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பள்ளமும் வால் எலும்புக்கே நேரடித் தபால்தான். நீளம் அதிகம் என்பதால் எங்கள் தெருவில் ஒரே மூச்சில் வண்டியைத் திருப்ப முடிவதில்லை. எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து நான் முன்னும் பின்னும் தள்ளுவதைத் தினமும் பார்க்கிறார். வேகத்தடையின் உயரம் பத்து சென்டிமீட்டர் என்று இந்தியச் சாலை காங்கிரஸ் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊரில் வேகத்தடை போட்டவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை போகும் அந்த நேர் சாலையில் இதே வண்டி வேறு பிறவி எடுக்கிறது. எண்பதில் பிடித்துவிட்டால் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். காற்று அலைக்கழிக்காது, தோள் வலிக்காது, முழங்கால் வாயைத் திறக்காது. எந்த நீளம் தெருவில் என்னைக் கேலிக்கு ஆளாக்குகிறதோ, அதே நீளம்தான் அங்கே வண்டியை நேர்கோட்டில் பிடித்து வைக்கிறது. வண்டியை விற்கச் சொல்லி மகன் இரண்டு முறை சொல்லிவிட்டான். விற்பதாக இல்லை. எனக்கு வாரத்தில் ஆறு நாள் சிக்னலும் நேர்சாலையும், வருஷத்தில் இரண்டு நாள்தான் கொல்லிமலை. வாரம் தவறாமல் மலை ஏறுகிறவராக இருந்தால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசியாக ஒரு விஷயம். ஃபுட்ரெஸ்ட் நுனிக்கு அடியில் சிறு போல்ட் ஒன்று தொங்கும். என்னுடையது இப்போது பாதி தேய்ந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் இன்னும் கொஞ்சம் சாய்க்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சாய்க்கலாம்தான். ஃபுட்ரெஸ்ட் மடங்கக்கூடியது. அதற்கு அடுத்து ரோட்டைத் தொடப்போகிற சைலன்சரும் ஸ்டாண்டும் ஃப்ரேமும் மடங்காதவை. அவை தட்டினால் சக்கரத்தையே தரையிலிருந்து நெம்பிவிடும். அந்த போல்ட் முதலில் உரசிச் சத்தம் போடுவதற்கென்றே வைத்தது. உங்கள் வண்டியிலும் இருக்கிறதா என்று இன்றைக்குக் குனிந்து பாருங்கள். இருந்தால் கழற்றாதீர்கள்.