கை நடுக்கமா, காமிராவின் கோளாறா?

படம் மங்கி வந்தால், பிடித்தவளின் கை நடுங்கிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். இது நியாயமா? கை நடுங்கினால் படம் முழுவதும் அல்லவா கலங்க வேண்டும்! கண்கள் மங்கி, காதுத் தோடு மட்டும் பளிச்சென்று தெரியும் படங்களுக்கு யார் பொறுப்பு?

உள்ளே கண்ணாடி பொருத்திய டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் ஃபோகஸை அளக்கும் சென்சார் அடிப்பாகத்தில் தனியே இருக்கிறது. படம் பதியும் சென்சார் பின்புறம் உள்ளது. இரண்டுக்கும் ஒளி செல்லும் தூரத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் குறி தவறும். இதைத் திருத்தவே 2007-இல் வந்த கானன் இ.ஓ.எஸ். 1டி மார்க் 3 காமிராவில் கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரை எண்கள் தந்தார்கள்.

ஆகவே பழி சொல்லுமுன் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அச்சடித்த தாளைப் பெட்டியில் ஒட்டி மேசைமேல் வைத்து, பக்கத்தில் அளவுகோலை அதன் நடு எண் தாளுக்கு நேராக வரும்படி சாய்த்து நிறுத்துவோம். காமிரா ஸ்டாண்டில் இருக்கட்டும். 50 மி.மீ. லென்ஸானால் இரண்டரை மீட்டர் தூரம் போதும். லென்ஸ் துவாரத்தை முழுக்கத் திறந்து, தாளைக் குறிவைத்து எடுத்தால், கோலில் தெளிவாக விழும் எண்ணே உண்மையைச் சொல்லிவிடும். ஒரே படத்தை நம்பி எண்ணை மாற்றுவதும் அவசரமே. ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு ஐந்தாறு படங்கள் எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் தவறினால் திருத்தலாம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் எண்ணை மாற்றிப் பயனில்லை.

கண்ணாடி இல்லாத புதிய காமிராக்களில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் பழகும் மாணவியின் கைக்கு வருவது பழைய காமிராதானே! விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் திருத்தும் வசதியும் கிடையாது. அவற்றைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது சோதனைப் படங்களையும் சேர்த்துக் கொடுத்தால், கடைக்காரர் நம் கையைக் குறை சொல்ல முடியாது.