அடி மண்டியும் ஐந்நூறு ரூபாயும்

பேராவூரணியில் பாதாளச் சாக்கடை கிடையாது. எவ்வளவு பெரிய மாடி வீடு கட்டினாலும் அந்த வீட்டுக் கழிவு அந்த மனைக்குள்ளேயேதான் இறங்கியாக வேண்டும். கும்பகோணத்துக்காரர்கள் குழாய் அடைத்தால் மாநகராட்சிக்கு மனுப் போடலாம். அங்கே ஆள்துளைக் குழியில் மனிதன் இறங்காமல் இருக்க 2018-லேயே கேரளத்து இளைஞர்கள் செய்த ரோபோ இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நமக்கு ரோபோவும் வராது, மனுப் போடவும் இடமில்லை. செப்டிக் டேங்க் என்பது நம் ஊரில் முழுக்க வீட்டுக்காரர் சமாசாரம். அதைச் சுத்தம் செய்யும்போது ஓர் உயிர் போனால் அதுவும் வீட்டுக்காரர் சமாசாரம்தான். இந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன சித்திரையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கழிவுநீர் லாரி வந்தது. டிரைவரும் உதவிக்கு ஒரு பையனும். குழாயை விட்டு மோட்டாரைப் போட்டார்கள், தண்ணியெல்லாம் ஏறிவிட்டது. அடியில் மண்டி நின்றது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அதையும் எடுத்துடு தம்பி, ஐந்நூறு சேர்த்து வாங்கிக்க" என்றார். பையன் சட்டையைக் கழற்றிக் காம்பவுண்டு சுவரில் போட்டான். நான் போய்த் தடுத்தேன். வீட்டுக்காரருக்குக் கோபம். "சார், அவங்களுக்கு இது பழக்கம்தான் சார். நாம என்ன கட்டாயப்படுத்தினோமா?" என்றார். பையனும், "ஒண்ணும் ஆகாது ஐயா, அஞ்சு நிமிஷ வேலை" என்றான். அன்று அவன் இறங்கவில்லை. ஐந்நூறு ரூபாய் போனதே என்று என்மேல் அவனுக்கு வருத்தம் இருந்திருக்கும். நியாயமான வருத்தம்தான்.

பழக்கம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஷ வாயுவுக்குப் பழக்கம் கிடையாது. தொட்டிக்குள் கழிவு மக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்போமே, அதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும், மண்டியைக் கிளறினால் குபுக்கென்று வெளியே வரும். இதில் ஒரு சூது உண்டு. கொஞ்சமாக இருந்தால் நாறும், அளவு கூடினால் மூக்கின் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம். கிணறு வெட்டுகிறவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, அந்த வித்தையை இங்கே காட்டவும் கூடாது. தொட்டியில் மீத்தேனும் இருக்கும், அது தீப்பிடிக்கும். பீடி சிகரெட்டும் பக்கத்தில் கூடாது.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் செத்துப்போனார்கள். அதில் வீட்டுக்காரர் ஒருவர், அவருடைய இரண்டு மகன்கள். ஒருவரைக் காப்பாற்ற ஒருவராகப் போய் எல்லாரும் போய்விட்டார்கள். உள்ளே மயங்கியவனைப் பார்த்ததும் இறங்கத்தான் தோன்றும், பெற்ற மனமும் உடன்பிறந்த மனமும் யோசிக்குமா?

சட்டத்துக்கு வருவோம். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு அது இல்லாமல் தீராது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதையும் குற்றம் என்கிறது. நகராட்சி, கான்ட்ராக்டர் மட்டுமல்ல, தனி நபருக்கும் அது பொருந்தும். நேரடியாக வைத்தாலும் மறைமுகமாக வைத்தாலும் ஒன்றுதான். "நான் லாரிக்காரரைத்தான் கூப்பிட்டேன், பையனை எனக்குத் தெரியாது" என்ற சமாதானம் அங்கே எடுபடுவது கஷ்டம். முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக்கியது. எதிர்த் தட்டில் நம் ஐந்நூறு ரூபாயை வைத்துப் பாருங்கள்.

சட்டத்தை விடுங்கள். அந்த அடி மண்டியை வழித்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. மண்டி இறுகியிருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, கலக்கி, மறுபடி உறிஞ்சலாம். அதற்கும் மிஞ்சி ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் நின்றால் நிற்கட்டும். புதிதாக விழுவதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. பிரை ஊற்றத் தயிரில் கொஞ்சம் மீதி வைப்பதில்லையா, அதுபோல. நாம் பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்குவதுபோல டேங்கை விளக்கச் சொல்கிறோம்.

மண்டி இறுகுவதே நாம் காலாகாலத்தில் எடுக்காததால்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். "எங்க டேங்க் பெரிசு, இருபது வருஷமா திறந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெருமை பழையது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு கதை தெரியும். செப்டிக் டேங்கின் முன்னோடியே ஒரு பிரெஞ்சுக்காரர் கட்டியது. வெசூல் என்ற ஊரில் 1860 வாக்கில் மூரா என்பவர் தன் வீட்டுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்தால் நிரம்பிக் கிடக்கும் என்று நினைத்த கழிவு பெரும்பாலும் நீராகிப் போயிருந்தது. 1881-இல் காப்புரிமை வாங்கினார். தானே சுத்தம் செய்துகொள்ளும், நாற்றமில்லாத தொட்டி என்று அப்போது கொண்டாடினார்கள். தானே சுத்தமாகாது, கரையாத கசடு அடியில் சேர்ந்துகொண்டே போகும் என்பது பிறகுதான் உறைத்தது. நம் ஊருக்கு இன்னும் உறைக்கவில்லை.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை தென்னை. கொல்லையில் நாலு மரம் இருந்தால் போதும், குழாய் இணைப்பில் மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் வேர் உள்ளே புகுந்து ஜடை பின்னிவிடும். கக்கூஸில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் டேங்க் நிரம்பிவிட்டது என்று முடிவு கட்டாமல் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிட்டை ஊற்றாதீர்கள். வேர் சாகாது, நுண்ணுயிர்கள்தான் சாகும். வெல்லம் போடுவது, செத்த எலி போடுவது எல்லாம் வீண் வேலை.

எடுத்த கழிவு எங்கே போகிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது இந்த லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி நம்மைப்போல ஒரு பேரூராட்சிதான். தமிழ்நாட்டில் இதற்கென்று தனி நிலையம் முதலில் வந்தது அங்கேதான். நாம் கேட்காவிட்டால் ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிட்டுப் போவார்கள். பிறகு அதே வாய்க்கால் தண்ணீர்தான் நம் நடவு வயலுக்கு வரும்.

மழைக்கு முன்னால், ஆடி ஆவணிக்குள் எடுத்துவிடுவது நல்லது. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும்போது காலி செய்தால் தொட்டியே மேலே எழும்பக்கூடும். லாரிக்கு 14420 என்ற இலவச எண் இருக்கிறது. பேசும்போதே "ஆள் இறங்கக் கூடாது, குழாய் எடுக்கிற அளவு போதும்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் விலை பேசுங்கள். மூடியை போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் புதைத்து வைத்திருப்பவர்கள் கொத்தனாரிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள்.