பால்வெட்டும் பற்றீரியாவும்



கண்டி பஸ் நிலையத்தருகே சோற்றுப் பார்சல் வாங்கினேன். பிரித்தால் உள்ளே லஞ்ச் ஷீட். "இது உக்குற சாதி, சேர்" என்றார் கடைக்காரத் தம்பி. சரி பார்ப்போமென்று வீட்டு ரோசாச் செடியடியில் புதைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கிளறினால் பருப்பின் மஞ்சள்கூடப் போகவில்லை. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017இலேயே தடை வந்தது. ஆனாலும் மகாவலிக் கரையில், கொஹாகொடைக் குப்பைமேட்டில் எது கிடக்கிறதென்று நமக்குத் தெரியாதா!

உண்மையிலேயே உக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றீரியா தானாகவே செய்கிறது. 1926இல் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் இதைக் கண்டார். சாப்பாடு மிஞ்சி நைதரசன் குறைந்தால், நாம் கொழுப்புச் சேர்ப்பதுபோல, அது பிஎச்பி என்ற பொருளை உருண்டை உருண்டையாய்ச் சேர்த்துவைக்கும். சில இனங்களில் உலர் எடையில் 80 சதவீதம் வரை. 1988இல் அமெரிக்காவில் அந்த மரபணுக்களை ஈ.கோலை பற்றீரியாவிலும் ஏற்றிவிட்டார்கள்.

சிக்கல் வெளியே எடுப்பதில். கலத்தை உடைக்க வேண்டும். அதற்குக் குளோரோபோமோ வெளிற்றும் இரசாயனமோ. சுற்றாடலுக்கு நல்லதென்று சொல்லும் பொருளை இதில் குளிப்பாட்டுவதா?

கலத்தைக் கொல்லாமல் எடுக்க முடியாதா என்று யோசித்தபோது எனக்கு ரப்பர்தான் நினைவுக்கு வந்தது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளைப் பேராதனைத் தோட்டத்தார் பொறுப்பேற்று ஹெனரத்கொடையில் நட்டார்கள். மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு, பிறகு 1890களில் சிங்கப்பூரில் ரிட்லி என்பவரின் கையில் சீரானது. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஒரு நூலளவு ஆழம் கூடினாலும் மரம் முடிச்சு விழுந்து அடுத்த வெட்டுக்கு இடங்கொடாது.

பற்றீரியாவிடமும் அப்படிப் பால் வெட்டிப் பார்த்தார்கள், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில். உருண்டையைப் பற்றிக்கொள்ளும் ஃபாசின் புரதத்தில் 'வெளியே போ' என்ற அடையாளத்தை ஒட்டினார்கள். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெளியே வந்ததென்று 2013இல் எழுதினார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அந்த அடையாளத்தோடு புரதம் வெளியேறும் வாசல் ஒரு புரத இழை நுழையுமளவுதான். உருண்டையோ அதைவிடப் பல மடங்கு பெரிது.

இன்னொரு வழி, பற்றீரியாவைத் தின்னும் வைரஸின் மரபணுவைக் கலத்துக்குள் வைத்து, வேளை வந்ததும் அது தானே வெடிக்கச் செய்வது. மரத்தைத் தறிப்பதுபோலத்தான். ஆனால் ரப்பர் கன்று கத்தி காண ஆறேழு வருடம்; ஈ.கோலை நல்ல நிலையில் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். தறித்தால்தான் என்ன?

மாத்தளை, கேகாலைப் பக்கம் பால் வெட்டிய வாசகர்கள் இருந்தால் உங்கள் கத்திக் கதைகளை எழுதி அனுப்புங்கள். ரோசாச் செடியடியில் அந்த ஷீட் இன்னும் கிடக்கிறது. அடுத்த இதழுக்கு முன் இன்னொரு முறை கிளறிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்