'சுதந்திரம்' என்னும் பெயரில் ஒரு கோதுமை மாவு

சென்ற வாரம் எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கொன்றில் வணிக மேலாண்மைத் துறைப் பேராசிரியர் ஒருவர், ரிலையன்ஸ் குழுமம் 2022 டிசம்பரில் குஜராத்தில் அறிமுகம் செய்த 'இண்டிபெண்டன்ஸ்' மளிகை வரிசையைப் பற்றி உரையாற்றினார். நல்ல தரம், குறைந்த விலை, இந்தியப் பெயர். ஆகவே அது வெல்லும். வென்றால் அது நுகர்வோரின் சுதந்திரமான தேர்வு. இதுவே உரையின் சாரம். கேள்வி நேரத்தில் நான் எழுந்தபோது, மொழியியல்காரருக்கு மாவில் என்ன வேலை என்று அரங்கில் ஒரு சிரிப்பு. கேள்வி முடியுமுன் நேரம் முடிந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

'இந்தியப் பெயர்' என்று அவர் குறிப்பிட்டது ஓர் ஆங்கிலச் சொல் என்பதை முதலில் விட்டுவிடுகிறேன். விற்காது என்று வாதிடவும் நான் வரவில்லை. பருப்பு, சர்க்கரை, எண்ணெய் போன்றவற்றில் அது நன்றாகவே விற்கக்கூடும். என் மறுப்பு அந்த 'ஆகவே' என்ற சொல்லின்மீது.

கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருளை வாங்குபவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது எதை? பொருளையா, அலமாரியையா? பிக் பஜார் கடைகளில் 'கோல்டன் ஹார்வெஸ்ட்' பருப்பும் 'டேஸ்டி ட்ரீட்' தின்பண்டமும் கண்மட்டத்தில் அடுக்கப்பட்டிருந்த காலத்தில், அவற்றையும் நுகர்வோர் விரும்பித் தேர்ந்தெடுத்த வெற்றிகள் என்றே சொன்னார்கள். 2022-இல் அக்கடைகள் கைமாறி, ஃப்யூச்சர் ரீடெய்ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அந்தப் பெயர்களைத் தேடி எத்தனை பேர் வேறு கடைக்குப் போனார்கள்? அலமாரி போனால் பெயரும் போகும் என்றால், விற்றது பெயரன்று.

இப்போது வந்திருப்பது அதைவிடப் பெரிய ஏற்பாடு. இந்த வரிசை ரிலையன்ஸ் கடைகளோடு நின்றுவிடப் போவதில்லை; தெருமுனை மளிகைக் கடைகளையும் குறிவைத்தது. அதே டிசம்பரில்தான், சிறுகடைகளுக்கு மொத்த விற்பனை செய்யும் மெட்ரோ கேஷ் அண்டு கேரியின் 31 இந்தியக் கடைகளை 2,850 கோடி ரூபாய்க்கு வாங்க அக்குழுமம் ஒப்பந்தம் செய்தது. எண்ணிப் பாருங்கள்: 17,000-க்கும் மேற்பட்ட சில்லறைக் கடைகள் கையில், சிறுகடைக்காரர் கொள்முதலுக்கு வரும் மொத்தக் கடையும் கையில், ஜியோமார்ட் செயலியும் கையில், இப்போது பொருளும் கையில். எந்த ஊரில் எந்த எண்ணெய் எந்த வாரம் தேங்குகிறது என்பதைப் போட்டி நிறுவனத்துக்கு முன்பே அறிபவர், அதே எண்ணெயைத் தம் பெயரிலும் விற்கிறார். நடுவரே மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட வந்தால் அதை ஆட்டத்திறன் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த முரண்பாடு நம் அரசுக்குத் தெரியாததன்று. வெளிநாட்டு முதலீடு பெற்ற இணையச் சந்தைத்தளம், தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சரக்கைத் தன் தளத்தில் விற்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையில் அரசே சொன்னது. தளமும் சரக்கும் ஒரே கையில் இருந்தால் போட்டி கெடும் என்பதைத் தவிர அதற்கு வேறென்ன பொருள்? அதே கேடு உள்நாட்டு முதலாளியின் கையால் நேர்ந்தால் அதன் பெயர் சுதந்திரம் ஆகிவிடுகிறது.

இனி என் துறைக்கு வருகிறேன். சிரித்தவர்களும் கேட்கலாம்.

ஆய்வுக்காக நான் மூன்றாண்டுகளாகக் குஜராத்தில் வாழ்கிறேன். வந்த முதல் மாதம் கடைக்காரரிடம் 'கோதுமை மாவு' கேட்டபோது அவர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். ரொட்டிக்கு 'ஜீணோ லோட்', அதாவது நைசு மாவு. பாக்ரிக்குக் 'கர்கரோ லோட்', கொரகொரப்பானது. இரண்டையும் ஒன்றாகக் கேட்பது, நம்மூரில் இட்லி அரிசியையும் சாப்பாட்டு அரிசியையும் வேறுபடுத்தாமல் 'அரிசி' என்று கேட்பதற்கு ஒப்பானது. மாவுக்கு முன்னால் கோதுமை இருக்கிறது: டுக்டி, பாலியா, லோக்வன். பாலியா, பால் நிலப்பகுதியில் விளைவது. 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. லோக்வன் இன்னும் சுவையான சொல். பாவ்நகர் மாவட்டத்துச் சணோசராவில் உள்ள லோக்பாரதி என்னும் கிராமியக் கல்வி நிறுவனத்தில் உருவான ரகம் 'லோக்-1'. அந்த 'ஒன்'னும் சேர்ந்துதான் மக்கள் வாயில் லோக்வன் ஆயிற்று. அதைச் சொல்லிக் கேட்கும் இல்லத்தரசி, தான் அறியாமலே ஒரு பொதுநிறுவனத்தின் உழைப்பை நாள்தோறும் உச்சரிக்கிறாள். ஆண்டுக் கோதுமையை மொத்தமாக வாங்கி, ஆமணக்கெண்ணெய் தடவிச் சேமித்து, வீட்டு எந்திரத்தில் அரைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. பேராசிரியரின் சந்தைக் கணிப்பில் இவர்கள் 'இன்னும் மாறாத பிரிவினர்'. எனக்கோ, தாம் தின்பது இன்னதென்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள்.

பொட்டலத்தில் இந்தப் பெயர்கள் எல்லாம் கரைந்து 'ஆட்டா' என்ற ஒற்றைச் சொல் மிஞ்சும். அதுவும் எந்த மொழியில்? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு முகப்புச்சீட்டு விதிகளின்படி, விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். மாநில மொழி விருப்பத்துக்கு உரியது; கட்டாயமன்று. குஜராத்தில் விற்கும் மாவுக்குக் குஜராத்தி வேண்டியதில்லை. தமிழகத்தில் விற்பதற்குத் தமிழ் வேண்டியதில்லை. முகப்பில் பெரிதாக இருப்பது பெயருக்கு உரிமை கொண்டவரின் அடையாளம். அரைத்த ஆலை வேறாக இருந்தால், பின்புறத்துச் சிற்றெழுத்தில் 14 இலக்க உரிம எண்ணைத் துழாவ வேண்டும். உற்பத்தி செய்தவரின் பெயரை மறைத்து விற்பவரின் பெயரை நிறுத்துவது எல்லாக் கடைப்பெயர்ப் பொருள்களுக்கும் பொதுவான இலக்கணம். ரிலையன்ஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை. டிமார்ட்டின் 'பிரீமியா', பிக்பாஸ்கெட்டின் 'பிபி ராயல்' ஆகியவையும் அவ்வாறே. எழுவாயில்லாத வாக்கியங்கள்.

இதே மாநிலத்தில் வேறு வகையான ஒரு பெயரும் இருக்கிறது. 1946 டிசம்பரில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் பதிவுசெய்த கூட்டுறவிலிருந்து பிறந்த அமுல், 2022-இல் கோதுமை மாவும் விற்கத் தொடங்கியது. அமுலிலும் குறைகள் ஏராளம்; கூட்டுறவு அரசியலை அறிந்தவர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் அந்தப் பெயருக்கு உரிமையாளர்கள், பால் கறப்பவர்கள்.

'கிரானாக் கடை மீது உங்களுக்கு மயக்கம்' என்று பின்னூட்டம் வரும். மயக்கமில்லை. கலப்படமும் எடைக்குறைவும் அங்கே உண்டு. சாதி பார்த்துக் கடன் கொடுக்கும் கல்லாப்பெட்டிகளை என் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். பொட்டலத்தில் எடையும் விலையும் தேதியும் அச்சிடப்பட்டிருப்பது, பேரம் பேச அஞ்சும் ஏழைக்கு உண்மையிலேயே ஒரு பாதுகாப்பு. ஆனால் 2022 ஜூலை 18 முதல், பதிவுபெற்ற வணிகப் பெயர் இல்லாத 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கும் மாவுக்கும் பருப்புக்கும் 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. அதற்கு முன் பெயர் உள்ளவருக்கு மட்டும் இருந்த வரி அது. சிறு ஆலைக்காரர் பெயரின்றிப் பொட்டலமிட்டு விற்றபோது அவருக்கிருந்த விலை அனுகூலம் போய்விட்டது. ஐந்து மாதம் கழித்துப் பெரிய பெயர் வருகிறது. சதி என்று சொல்லமாட்டேன், சான்றில்லை. ஆனால் இந்தச் சூழலைக் கணக்கில் கொள்ளாமல் 'நுகர்வோர் தேர்வு' என்று பேசுவது ஆய்வாகாது.

தேர்வு என்று சொல்ல வேண்டுமானால் மூன்று செய்யுங்கள். விற்கும் மாநிலத்தின் மொழியில் விவரம். முகப்பிலேயே, வணிகப் பெயருக்கு அருகில், ஆலையின் பெயரும் ஊரும். கடைக்காரரே பொருளுக்கும் உரிமையாளர் என்றால் 2018-இல் வெளிநாட்டவருக்கு விதித்த அதே கட்டுப்பாடு.

இதைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் விற்கும் எந்தக் கடைப்பெயர் மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய்ப் பொட்டலமாயினும் அதன் பின்புறத்தைத் தெளிவாகப் படமெடுத்து, ஊர்ப்பெயரோடு எனக்கு அனுப்புங்கள். மொழி, எழுத்தின் அளவு, தயாரித்தவர் விவரம் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு தரவுத்தொகுதி உருவாக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 43 படங்கள் சேர்ந்துள்ளன. பேராசிரியரின் துறைக்கும் ஒரு பிரதி போகும்.