48 என்ற எண்ணும் மூன்றாவது தெருவும்

தூய்மைப் பணியாளரான அண்ணன் ஒருவரின் எக்கோ அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கையில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 48. அதாவது, இதயத்தின் இடது கீழறை தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் 48 விழுக்காட்டை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது. 55-க்கு மேல் இருந்தால் இயல்பு என்பார்கள். "கொஞ்சம்தான் கம்மி, பயப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னதில் பொய்யில்லை.

ஆனால் அந்த எக்கோ அவரைப் படுக்க வைத்து எடுத்தது. குப்பை வண்டியைத் தள்ளும்போது எடுத்ததல்ல. "மூணாவது தெரு வந்தா நெஞ்சை அழுத்துது தம்பி. வண்டியைப் புடிச்சிக்கிட்டே நின்னுடுறேன்" என்கிறார்.

இதை அளக்க மருத்துவத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் உருவான சியாட்டில் ஆஞ்சைனா கேள்வித்தாள், குளிக்கும்போது, மாடி ஏறும்போது, கனமான பொருளைத் தூக்கும்போது நெஞ்சுவலி எவ்வளவு தடுக்கிறது என்று நோயாளியிடமே கேட்கிறது. நல்ல கேள்விகள்தான். ஈரக்குப்பைத் தொட்டியைத் தூக்கி லாரியில் கவிழ்ப்பது மட்டும் அதில் இல்லை.

சரி, ஓய்வெடுக்கட்டும் என்றால் எதை வைத்து? இஎஸ்ஐ-யில் சாதாரண நோய்க்கால உதவி, ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள். நீண்டகால நோய்ப் பட்டியலில் இடம் கிடைத்தால் 80 விழுக்காடு, 2 ஆண்டுகள் வரை. மாரடைப்பு வந்தவர் அந்தப் பட்டியலுக்குள் வர எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 45-க்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் அண்ணனுக்கு 48. மூன்று புள்ளி நன்றாக இருப்பதால் அவர் வண்டி தள்ள வேண்டும்! அதோடு, 2 ஆண்டு தொடர்ந்த வேலையும் காட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புது ஆளாகப் பதியப்படும் தொழிலாளி அதை எங்கே போய்க் காட்டுவார்?

"லேசான வேலை கொடுங்க" என்று ஒப்பந்ததாரரிடம் போனோம். அப்படி வேலையே இல்லை என்றார். இருக்கிறது. வருகைப் பதிவேடு எழுதும் நாற்காலி இருக்கிறது. துடைப்பம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதி, அந்த நாற்காலியில் உட்காருபவர் எந்தச் சாதி என்று உங்கள் ஊரிலும் போய்ப் பாருங்கள் தோழர்களே. இதய நோய்க்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் யாராவது கேட்டால், இந்த நாற்காலியைக் காட்டுங்கள்.

உறவினரோடோ தெருக்காரரோடோ மருத்துவமனைக்குப் போகிறவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் அவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு எடை தூக்கக் கூடாது, எத்தனை வாரம் ஓய்வு என்பதை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர்கள் கேட்டால் எழுதுகிறார்கள். கேட்க ஆளில்லாததுதான் பிரச்சினை. ஒப்பந்ததாரர் மாறினாலும் பழைய இஎஸ்ஐ எண்ணே தொடர்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணன் இப்போது மறுபடியும் காலை 6 மணிக்கு வேலைக்குப் போகிறார். மூன்றாவது தெருவிலிருந்து அக்கா வந்து வண்டியைத் தள்ளுகிறார். அக்காவுக்குச் சம்பளம் கிடையாது.