உப்பளத்து நுண்ணுயிரியும் ‘நானோ’ மருந்தும்: புற்றுநோய்ச் செய்திகளை எப்படிப் படிக்கணும்?

மரக்காணம் மாதிரியான உப்பளங்களில், உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவ்வளவு உப்பிலும் பிழைத்திருக்கும் நுண்ணுயிரிகள்தான் காரணம். அவற்றில் முக்கியமானவை ‘ஆர்கியா’ என்ற வகையைச் சேர்ந்தவை.

புற்றுநோய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆர்கியாவின் செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு லேசில் சிதையாது. அதனால் மருந்தை உள்ளே வைத்து அனுப்பும் நுண்ணிய உருண்டைகள் செய்ய அது தோதானது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் மொனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். இந்த வகை உருண்டைகளில் டாக்சோரூபிசின் மருந்தை நிரப்பி, சிலிக்கான் நானோ குழாய்கள் வழியாக மார்பகப் புற்றுநோய் செல்களுக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள். மருந்தைத் தனியாகக் கொடுப்பதைவிட 23 மடங்கு குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. ஆரோக்கியமான செல்களும் பெரும்பாலும் தப்பின.

இது சின்ன விஷயமில்லை. டாக்சோரூபிசின் அளவு கூடினால் இதயத்தைப் பாதிக்கும் மருந்து.

அப்போ சிகிச்சை வந்தாச்சா?

இல்லை. இது ஆய்வகக் கட்டம்தான். ஆனால் நானோ மருந்து என்பதே கற்பனை என்றும் நினைக்க வேண்டாம். இதே டாக்சோரூபிசினைக் கொழுப்பு உருண்டையில் அடைத்த ‘டாக்சில்’ மருந்துக்கு அமெரிக்கா 1995-லேயே அனுமதி கொடுத்தது. அதன் ஜெனரிக் வடிவத்துக்காக இந்தியாவின் சன் பார்மா 2013-ல் அங்கேயே அனுமதி வாங்கியது.

இன்னொரு பக்கமும் இருக்கு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கம், சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் எலிகளின் ரத்தக்குழாய்ச் சுவரில் இடைவெளியை உண்டாக்கின. அந்த வழியாக மார்பகப் புற்றுநோய் செல்கள் மற்ற இடங்களுக்குப் பரவுவது அதிகமானது. மருந்தே இல்லாமல், துகள் மட்டுமே செய்த வேலை இது. தட்டில் புற்றுநோய் செல்லை மட்டும் தனியாக வளர்த்துச் சோதித்தால் இந்தச் சிக்கல் தெரியாது. புற்றுநோய் உண்மையில் பரவுகிறதா என்று பார்க்க ரத்தக்குழாயுள்ள உடம்பு வேண்டும். எலியிலும் பிறகு மனிதரிலும் வருஷக்கணக்கில் சோதிப்பது வீண் தாமதம் இல்லை என்பது இதிலிருந்தே புரியும்.

எனவே ‘புற்றுநோயை அழிக்கும் நானோ’ என்று வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? அந்தப் பதிலைச் செய்தியின் முதல் வரியிலேயே சொல்ல வேண்டிய பொறுப்பு ஊடகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து பஸ் ஏறி புதுச்சேரி ஜிப்மருக்குக் கீமோவுக்குப் போகும் ஒருவர், ‘புது மருந்து வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இன்றைக்கு அவரைக் காப்பாற்றக்கூடியது அந்தத் தவணைதான்.